விறகடுப்புப் புகையும் அம்மாவின் மூச்சுக்குழாயும்

சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்றாலே பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அம்மா வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போடாதவர். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் முப்பது வருடங்களுக்கு மேல் இட்லிக் கடை நடத்தினார். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு எரியும். தகரக் கூரை, ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. எரிப்பது சீமைக்கருவேல விறகு. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்தால் தீயைவிடப் புகைதான் அதிகம். ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதுவார், நிமிர்ந்து இருமுவார், மறுபடி குனிவார். ஊரில் அடுப்படியில் நிற்கும் பெண்கள் எல்லோருமே இருமுவார்கள். அதை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. மதுரையில் என்னோடு இருக்கிறார். கூடவே இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். இந்த நோயில் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு சங்கதிகள் நடக்கின்றன. ஒன்று அழற்சி: சுவர் வீங்கிச் சிவந்து சளி சுரப்பது. அது ஏறும், இறங்கும், ஓரளவு மருந்துக்குக் கட்டுப்படும். இன்னொன்று, அந்த அழற்சி வருடக்கணக்கில் நீடித்ததால் சுவரே தடித்து, தழும்பேறி, உருமாறிப்போவது. அது பழையபடி ஆகாது. எது திரும்பும், எது திரும்பாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் எந்த மருந்து எதற்கு, எங்கே மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதெல்லாம் எங்களுக்குத் தெளிவானது.

பல வருடங்களாக அம்மாவின் சீட்டுகளில் 'வீசிங்' என்றுதான் எழுதியிருந்தது. சிலவற்றில் ஆஸ்துமா. இளைப்பு வந்தால் ஓர் ஊசி, மூன்று நாள் மாத்திரை, அவ்வளவுதான். ஊதிப் பார்க்கும் டெஸ்ட், அதாவது ஸ்பைரோமெட்ரி, மதுரைக்கு வந்த பிறகுதான் எடுத்தோம். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயை வைத்து, "அம்மா, நல்லா இழுத்து ஒரே மூச்சா ஊதுங்க... ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று டெக்னீஷியன் பெண் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆரோக்கியமான நுரையீரல், இழுத்த காற்றில் பெரும்பகுதியை முதல் நொடியிலேயே வெளியே தள்ளிவிடும். அம்மாவுக்கு அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிவரை கசிந்துகொண்டே இருந்தது. பிறகு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் சால்புடமால் மருந்தைக் கொடுத்துக் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள்.

இந்த இரண்டாவது ஊதல்தான் முக்கியம். மருந்துக்குப் பிறகும், முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 0.7 பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிரந்தரமாகிவிட்டது என்று கொள்கிறார்கள். அம்மாவுக்கு 0.58. மருந்துக்கு முன்பு இருந்ததற்கும் பின்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் மருந்துக்குப் பிறகு ஊதும் காற்று நன்றாகக் கூடியிருக்கும். ஆகவே யாருக்காவது இந்த டெஸ்ட் எடுத்தால், மருந்துக்குப் பிறகும் ஊத வைத்தார்களா, அந்த எண் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் ஊதலை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

மருத்துவர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் இரண்டிரண்டாகக் கிளைவிட்டுக்கொண்டே போகிறது, ஏறத்தாழ 23 முறை. முனையில் காற்றறைகள். புகை மூன்று மட்டத்திலும் வேறு வேறு விதமாகக் கெடுக்கிறது.

பெரிய குழாய்களில் சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகள் உண்டு. புகை அவற்றைத் தேய்த்துவிடுகிறது. அதே நேரம் சளி சுரக்கும் செல்களும் சுரப்பிகளும் பெருத்துப்போகின்றன. சுரப்பு கூடி, வெளியேற்றும் வழி குறைந்தால் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமித்தான் சளியை எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் மூச்சை உண்மையில் அடைப்பது அதற்கும் கீழே, விட்டம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு குழாய்கள். இதை 1968-லேயே ஹாக், மேக்லம், தர்ல்பெக் என்ற மூவர் அளந்து காட்டியிருக்கிறார்கள். புகைத்துகளை விழுங்க மேக்ரோபேஜ் அணுக்கள் வருகின்றன. அவை ஆள் அனுப்பி நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. டி-அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களில் சி.டி.8 எனும் பிரிவு சுவருக்குள் குடியேறுகிறது. எரிச்சல், பிறகு உடம்பு செய்யும் பழுதுபார்ப்பு, மறுநாள் மறுபடி புகை, மறுபடி பழுதுபார்ப்பு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நார்த்திசு சேர்கிறது. சுவர் உள்பக்கமாகத் தடிக்கிறது, எஞ்சிய துளையையும் சளி அடைக்கிறது. இவ்வளவு சின்னக் குழாயில் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. துளையைக் கொஞ்சம் திறந்துவிட்டாலே மூச்சு ஏன் அவ்வளவு லேசாகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இன்னொரு கொடுமை, இந்தச் சிறு குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவற்றில் நிறைய போன பிறகும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆரோக்கியமான நுரையீரலில் காற்றுத் தடையில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. மாடி ஏறும்போது இளைக்கிறது என்று அம்மா முதலில் சொன்ன நாளில், உள்ளே பல வருடச் சேதம் முடிந்திருந்தது. 2011-ல் ஹாக்கின் குழுவினர் நுண் சி.டி. ஸ்கேன் கொண்டு பார்த்து, காற்றறைகள் சிதையும் முன்பே கடைசிச் சிறு குழாய்கள் குறுகி மறைந்துபோகத் தொடங்கிவிடுகின்றன என்று காட்டினார்கள்.

மூன்றாவது காற்றறைகள். நியூட்ரோபில்கள் விடும் எலாஸ்டேஸ் என்ற நொதி, காற்றறைச் சுவரின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டினை அரிக்கிறது. அதைத் தடுக்க ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் நம் ரத்தத்தில் இருக்கிறது. அது பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இளம் வயதிலேயே நுரையீரல் சிதைவதை 1963-ல் சுவீடனின் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டறிந்தார்கள். காற்றறைச் சுவர்கள்தான் சிறு குழாய்களை நாலாபக்கமும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருப்பவை. அவை போனால் மூச்சை விடும்போது குழாய் மடங்கி மூடிக்கொள்ளும், காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். "இழுக்க முடியுது தாயி, விடத்தான் முடியல" என்று அம்மா எப்போதும் சொல்வார். மருத்துவர் அரை மணி நேரம் விளக்கியதை அவர் அந்த ஒரு வரியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

விறகுப் புகையால் வரும் நோய், சிகரெட்டால் வருவதிலிருந்து கொஞ்சம் வேறுபடுகிறது. காற்றறைச் சிதைவு குறைவாகவும், சிறு குழாய்களின் தழும்பும் கரிப்படிவும் கூடுதலாகவும் இருக்கும். அடுப்படியிலேயே காலம் கழித்த பெண்களின் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால் உட்சுவரில் கறுப்புத் திட்டுகள் தெரிவதுண்டு. கடைக் கூரையில் படிந்திருந்த அதே கரி. நம் பக்கத்து ஆய்வுகளும் இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத பெண்களை ஊத வைத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு செய்தது. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலில் நிற்பவர்களிடம் நோய் அதிகம் காணப்பட்டது. அம்மா தினம் ஏழெட்டு மணி நேரம் நின்றவர்.

சரி, தழும்பு திரும்பாது என்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "புதுசாத் தழும்பு விழாமப் பாத்துக்கணும்மா, அதுதான் வைத்தியம்" என்றார் மருத்துவர். சிகரெட் விஷயத்தில் ஃப்ளெட்சர், பீட்டோ என்ற ஆய்வாளர்கள் 1977-லேயே சொன்னது இது: நிறுத்தினால் இழந்த மூச்சு திரும்பாது, ஆனால் அதற்கு மேல் குறையும் வேகம் சாதாரண மனிதரின் வேகத்துக்கு வந்துவிடும். அடுப்புக்கும் இது பொருந்துகிறது. சீனாவின் குவாங்டாங் கிராமங்களில் சாண எரிவாயுவும் சமையலறைக் காற்றோட்டமும் ஏற்படுத்திக் கொடுத்து ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மாறியவர்களுக்கு நுரையீரல் திறன் குறையும் வேகம் மட்டுப்பட்டது. 2014-ல் வெளியான ஆய்வு.

எங்கள் வீட்டில் விறகு போனதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கொசுவர்த்திச் சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டினோம். சாம்பிராணி போடுவது அம்மாவுக்கு மிகப் பிடித்த காரியம், வெள்ளிக்கிழமை போடாமல் அவரால் இருக்க முடியாது. அதை விடச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. இப்போது விளக்கும் பூவும் மட்டும். மிளகாய் வறுப்பதும் கருவாடு பொரிப்பதும் அவர் குளிக்கும் நேரத்தில் அல்லது மாடியில். போகிக்கு விடிவதற்கு முன்பே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்துவிடுவேன். தெருவே டயரும் பாயும் எரிக்கும் அந்தக் காலைக்குப் பிறகு பொங்கலை ஆஸ்பத்திரியில் கழிக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் இன்ஹேலர். 'பழகிடும், அப்புறம் விட முடியாது' என்று சொல்லாத உறவினர் இல்லை. சால்புடமால் இன்ஹேலர் ஓர் அழுத்தத்துக்குக் கொடுப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராம், அதாவது நாற்பது மடங்கு, வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து கை நடுங்க வைக்கிறது. எது உடம்புக்கு லேசானது என்று இதைச் சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

ஆனால் மருந்து சரியான இடத்துக்குப் போக வேண்டுமே. அம்மா அழுத்தும்போது வாயோரத்தில் வெள்ளையாக ஆவி வெளியே வரும். அது முழுக்க வீணாகும் மருந்து. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டிய பிறகு அது நின்றது. முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், குடுவையை உதடு மூடக் கவ்வ வேண்டும், ஒரு தடவை அழுத்தி, அவசரமில்லாமல் ஆழமாக இழுத்து, பத்து வரை எண்ணி அடக்க வேண்டும். இரண்டாவது அழுத்தம் அரை நிமிடம் கழித்து. ஒரே மூச்சில் இரண்டு அழுத்தக் கூடாது. குடுவையைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தைச் சுவரிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் கருவியாக இருந்தால் முறை வேறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் கருவியைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்துமாவில் பெரும்பாலும் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் தலைமை தாங்கும் அழற்சி, ஸ்டீராய்டுக்கு நன்றாக அடங்கும். சி.ஓ.பி.டி.யில் நியூட்ரோபில் கை ஓங்கியிருப்பதால் அவ்வளவு அடங்காது, நிமோனியா வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை பார்க்கிறார்கள். 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு ஸ்டீராய்டால் நல்ல பலன் உண்டு. 100-க்குக் கீழே என்றால் பெரிய பலன் இல்லை. அம்மாவுக்குக் குறைவாக இருந்ததால், குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் நீண்ட நேர மருந்துகள் இரண்டு மட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதை வாங்கிப் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒன்று போதும். ஸ்டீராய்டு போடுபவர்கள் போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும்.

புகை நின்ற பிறகும் உள்ளே அழற்சி முழுக்க அணைவதில்லை. அதனால் நல்லா இருக்கிற நாளிலும் மருந்து நிற்கக் கூடாது. அம்மாவுக்கு இதை ஏற்க வைப்பதுதான் எனக்கு இன்றும் பெரிய வேலை.

காற்று உள்ளே மாட்டிக்கொள்வதால், நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை தட்டையாகி வலு இழக்கிறது. அதை ஈடுகட்டக் கழுத்தும் தோளும் மூச்சுக்கு உழைக்கின்றன. அம்மாவுக்கு நடப்பதைவிடக் கொண்டை போடுவது ஏன் சிரமம் என்பது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அந்தத் தோள் தசைகளுக்கு இரண்டு வேலை, மூச்சுக்கு ஆள் குறைந்துவிடுகிறது. இப்போது மேசையில் முழங்கையை ஊன்றித் தலை வாருகிறார், அல்லது நான் பின்னிவிடுகிறேன். குளியலறையில் ஒரு ஸ்டூல், தலைக்கு ஊற்றும் வேலை என்னுடையது. படியில் கால் வைத்து ஏறும்போது மூச்சை விட வேண்டும், நின்று இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது பெரிய உதவி. அப்படி விடும்போது உண்டாகும் சின்ன எதிரழுத்தம், மடங்கவிருக்கும் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறது. ஊதாங்குழல் ஊதியவருக்கு உதட்டைக் குவிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

நடைப்பயிற்சியை நிறுத்தவே கூடாது. இளைக்கிறதென்று உட்காரவைத்தால் காலின் சதை போகும், சதை போனால் அதே வேலைக்கு இன்னும் மூச்சு வாங்கும். பிசியோதெரபிஸ்ட் தெருமுனைவரை என்று ஆரம்பித்து வைத்தார். சாப்பாட்டில் சளி பிடிக்குமென்று வாழைப்பழம், தயிர், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். இந்த நோயில் உடம்பு இளைப்பதுதான் ஆபத்து. அம்மாவுக்கு முட்டையும் பருப்பும் மீனும் தினப்படி உண்டு, வயிறு முட்டாமல் சின்னச் சின்ன வேளைகளாக. நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும்.

அதிகம் பயப்பட வேண்டியது திடீரென்று முற்றுவதற்குத்தான். சளிக் காய்ச்சல் ஒன்று வந்தால் அடங்கியிருந்த அழற்சி மறுபடி பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு பெரிய முற்றலும் கொஞ்சம் மூச்சை நிரந்தரமாகக் கொண்டுபோகக்கூடும். மூன்றைக் கவனிக்கச் சொன்னார் மருத்துவர்: வழக்கத்தைவிட இளைப்பு கூடுகிறதா, சளியின் அளவு கூடுகிறதா, நிறம் மாறுகிறதா. அந்தப் பச்சை நிறமே நியூட்ரோபில்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வெள்ளையாக இருந்த சளி பச்சையாகி இளைப்பும் கூடினால் மறுநாள்வரை பொறுப்பதில்லை, அன்றே போன் செய்துவிடுவேன். வெறும் சளிக்குத் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் இல்லை. ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி தனியாக. என்னைக் கேட்டால் இந்த இரண்டுக்கும் செலவழிப்பதைப்போல் உருப்படியான செலவு வேறில்லை.

ஒருமுறை வார்டில் இருந்தபோது, பார்க்க வந்த உறவினர் ஒருவர் அம்மா அரைத் தூக்கத்தில் இருப்பதைக் கண்டு ஆக்சிஜன் திருகைக் கூட்டி வைக்கப்போனார். நர்ஸ் ஓடிவந்து தடுத்தார். கரோனா காலத்திலிருந்து எல்லோர் வீட்டிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது, 95-க்குக் கீழே என்றால் பதறுகிறோம். நோய் முற்றிக் கரியமில வாயு தேங்கும் ஆபத்துள்ள சி.ஓ.பி.டி.காரர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92-க்குள் நிறுத்துகிறார்கள். தேவைக்கு மேல் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறி மயக்க நிலைக்குக் கொண்டுபோகும். வழக்கமில்லாத தூக்கக் கலக்கம், காலைத் தலைவலி, பேச்சில் குழப்பம் தெரிந்தால் திருகைத் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைக்கும் ஆக்சிஜன், ஓய்விலேயே அளவு மிகவும் குறைந்தவர்களுக்குத்தான். 1980-களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகளின்படி அவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டுகிறது. ஆனால் நாளுக்கு 15 மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். அம்மாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

ஊரில் சித்தி இருக்கிறார், அம்மாவின் தங்கை. வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் அது டீக்கும் குழம்புக்கும் மட்டும். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமென்று சோறும் வெந்நீரும் மாட்டுக்குக் கூழும் விறகில்தான். கிராமத்தில் பாதி வீடுகளில் இதுதான் நடப்பு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சிலிண்டர் விலை அப்படி. போன வருடம் சித்தியையும் அழைத்துப்போய் ஊத வைத்தோம். மருந்துக்குப் பிறகு 0.7-க்குச் சற்று மேலே, இன்னும் நோய்க்கணக்கில் இல்லை. மறுவாரமே கொத்தனாரை வைத்து வெந்நீர் அடுப்பை அடுக்களையிலிருந்து எடுத்து, கொல்லையில் வேப்பமரத்தடியில் கட்டினோம். குக்கரில் சோறு வைத்தால் கேஸ் எவ்வளவு மிச்சமாகிறது என்று சித்தி இப்போது கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.